கல்முனையில் ஒரு ரொக் நிகழ்ச்சியும் நான் பகிர்ந்த போஸ்டரும்

1

ஒரு புதன்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, நான் ஓட்டிவந்த ட்ராம் நிற்கவேண்டிய தரிப்பில் நிற்காமல் போய்விட்டது. இரண்டு ட்ராம் நீளம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பிரேக்கை அழுத்தினேன். நின்றிருந்தவர்கள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் விழவில்லை, யாருக்கும் காயமில்லை. காய்கறி வண்டியோடு இறங்கக் காத்திருந்த ஒரு மூதாட்டி மட்டும் என் கண்ணாடிக் கதவுக்கு வந்து, “மணி அடித்தேனே, கேட்கவில்லையா மகனே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மணிச் சத்தம் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அந்த நேரத்தில் நான் மெல்பேர்னில் இல்லை.

பதினொரு வருடமாக இந்த நகரத்தில் ட்ராம் ஓட்டுகிறேன். ஒரு தரிப்பையும் தவறவிட்டதில்லை. அன்று மத்தியானம் டிப்போவில் என் மேற்பார்வையாளர் எலேனி ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார். இங்கே எதற்கும் படிவம் உண்டு. இடம், நேரம், வேகம், காலநிலை எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். ‘காரணம்’ என்ற பெட்டியில் பேனை நின்றுவிட்டது.

“என்ன நடந்தது?” என்றார் எலேனி.

“ஐ வாஸ் ஃபியரிங்,” என்றேன். இருபது வருடம் இருந்தும் அவசரத்தில் என் ஆங்கிலம் இப்படித்தான் வரும். அவருக்கு அது ‘ஃபீலிங்’ என்று கேட்டிருக்கிறது.

“என்ன ஃபீல் பண்ணினாய்?”

“பயம்,” என்றேன். தமிழில் வந்துவிட்டது. பிறகு திருத்திச் சொன்னேன். ஊரில் ஒரு நண்பனுக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, அவனை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன் என்றேன். அவர் பேனையை வாங்கி, அந்தப் பெட்டியில் ‘சொந்த விஷயம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்.

அந்தச் ‘சொந்த விஷயம்’ என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

நாங்கள் மூன்று பேர். நான், இல்யாஸ், தினேஷ். இல்யாஸ் மருதமுனை. பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறான். தினேஷ் பாண்டிருப்பு. அவன் வீட்டில் கடல்தொழில், அவன் போட் இஞ்சின் திருத்துகிறவன். நான் சாய்ந்தமருதில் பிறந்து இங்கே வந்து சேர்ந்தவன்.

எங்களைச் சேர்த்தது, இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் ஊர்களுக்கு நடுவிலுள்ள கல்முனையில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பு. டைப் பண்ணப் பழகத்தான் போனோம். அங்கே படிப்பித்த சேர் கொழும்பிலிருந்து ஒரு கட்டு சீடி கொண்டுவந்திருந்தார். எல்லாம் பிரதி எடுத்தவை. அட்டை இல்லை, படம் இல்லை, மேலே கறுப்பு மார்க்கரில் இலக்கம் மட்டும். பதினான்காம் இலக்கத்தைப் போட்டபோது வந்த கிட்டார் சத்தம் எங்களுக்கு அதுவரை தெரிந்த எந்தப் பாட்டைப் போலவும் இல்லை. பாடினவன் பாடவேயில்லை, யாரோடோ சண்டை பிடித்து முடிந்து களைத்துப்போய்க் கதைப்பது போல இருந்தது. அதை ஓல்டர்நேட்டிவ் ரொக் என்று சொல்வார்கள் என்று சேர் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

பெயர் தெரியாததால் நாங்களே பெயர் வைத்தோம். ஒன்று ‘அழுற நாய்’. ஒன்று ‘மழைத் தகரம்’. இன்னொன்று ‘கோபக்காரப் பொம்புள’. தினேஷ் மீனுக்கு ஐஸ் போடும் றெஜிபோம் பெட்டியைக் கவிழ்த்துவைத்துத் தட்டுவான். எங்கள் இருவரின் ஊர்களும் முஸ்லிம் ஊர்கள், பாண்டிருப்பு தமிழர் ஊர்; அந்த நாட்களில் நாங்கள் பாண்டிருப்புக்குப் போவதற்கும் அவன் எங்கள் பக்கம் வருவதற்கும் வீட்டில் காரணம் சொல்லவேண்டும். சீடி மாற்றப் போகிறோம் என்போம். அந்தக் காரணத்தை யாராலும் மறுக்க முடியவில்லை, ஏனென்றால் யாருக்கும் அது விளங்கவில்லை.

நான் மெல்பேர்ன் வந்த முதல் வருடம் ஒரு கடையில் ‘மழைத் தகரம்’ ஒலித்தது. சாமான்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காசாளரிடம் ஓடினேன். மழை, தகரம், கூரை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தப் பையன் என்னைக் கட்டடச் சாமான் விற்கும் பகுதிக்குக் கூட்டிப்போனான். பிறகு ஒருவழியாக உண்மைப் பெயரைக் கண்டுபிடித்து ஊருக்கு எழுதினேன். இல்யாஸ் பதில் போட்டான்: “அந்தப் பேர் நல்லால்ல. நம்மட பேரே இரிக்கட்டும்.”

வாட்ஸ்அப் வந்த பிறகு மூன்று பேருக்கும் ஒரு குழு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஆளுக்கொரு அல்பம் போடவேண்டும் என்பது சட்டம். தினேஷ் சத்தம் கூடினதைப் போடுவான். இல்யாஸ் ஒரே பாட்டை இருபது தரம் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் பாடகன் மூச்சு வாங்குகிறான் என்று எழுதுவான். என் பங்கு, மெல்பேர்னில் வரப்போகும் நிகழ்ச்சிகள். எந்தக் குழு எந்த மாதம் எந்த மண்டபத்தில் வாசிக்கிறது என்று பட்டியல் போடுவேன். போய்வந்து எல்லாம் சொல்வேன். அந்த மண்டபங்களில் பியர் வாசம் அடிக்கும். நான் ஓரமாக நின்று ஜிஞ்சர் பியர் குடிப்பேன். அது வெறும் இஞ்சிச் சோடா. பில்லில் ‘பியர்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு என் மனைவி பஸ்மினா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

“சனம் நிண்டுதான் கேக்குமா, இருந்து கேக்குமா? ட்ரம்ஸ் அடிக்கிறவன் எந்தப் பக்கம் பாப்பான்? பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில என்ன கதைப்பாங்க?” இல்யாஸ் இப்படிக் குரல் அனுப்புவான். அவன் ஒரு நேரடி ரொக் நிகழ்ச்சியையும் பார்த்ததில்லை. பத்து வருடமாக என் கண்ணால்தான் பார்த்தான்.

3

இரண்டு வருடமாக அவர்கள் இருவரும் தினேஷின் மச்சான் ஒருவரோடு சேர்ந்து சொந்தமாகப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். இல்யாஸ் கிட்டார் வாசித்துப் பாடினான். தமிழில் ஆறு பாட்டு. ஒன்று, மாற்றலாகி வந்த இடத்தில் யாரையும் தெரியாத ஒரு ஆசிரியரைப் பற்றியது. எனக்கு அனுப்பியிருந்தான். கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஒரு போஸ்டர் வந்தது. சைக்கிள் கரியரில் கட்டிய ஸ்பீக்கர் பெட்டி, அதன் கீழே மூன்று பேரின் படம். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி, கல்முனையில் ஒரு டியூசன் வகுப்பின் மேல்மாடி. கூடவே இல்யாஸின் குரல்:

“மச்சான், இது நீ பாக்கத்தான். வெளியில எங்கயும் போட்றாத. நாங்க ஆள் பாத்து ஆள் பாத்துத்தான் சொல்றம். நாப்பது பேருக்கு மேல வேணா. மஹ்ரிப் தொழுகைக்கு முந்தி முடிச்சிருவம். சனம் என்ன மாதிரி எடுக்குமெண்டு தெரியா. ஒனக்கு விளங்கும்தானே?”

முழுவதையும் கேட்டேன். இரண்டு தரம் கேட்டேன். கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன் அதை என் முகநூலில் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று என்னையே பலமுறை கேட்டுவிட்டேன். பெருமைதான் முதல் காரணம். பத்து வருடமாக மற்றவர்களின் ஊர்களிலிருந்து வந்த குழுக்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தவன், எங்கள் ஊரிலும் இருக்கிறது பார் என்று காட்ட ஆசைப்பட்டேன். டிப்போவில் ட்ரம்ஸ் வாசிக்கும் ஒரு நண்பர் இருக்கிறார், அவர் பார்க்கவேண்டும் என்றும் நினைத்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. இல்யாஸின் பயத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஊரில் இருப்பவர்களின் பயம், வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கு எப்போதோ வந்து சுகமாகிப்போன காய்ச்சல் மாதிரி. இன்னும் காய்கிறது என்று யாராவது சொன்னால், இப்பவும் மாத்திரை போடுகிறாயா என்று சிரிப்போம்.

போஸ்டருக்கு மேலே நான் எழுதியது: ‘மருதமுனையில் கணக்குப் படிப்பிக்கும் என் உயிர் நண்பன் கல்முனைக்கு ரொக் இசையைக் கொண்டுவருகிறான்.’

எழுதிவிட்டுப் போனை நிறுத்திப் பையில் வைத்தேன். ட்ராம் ஓட்டும்போது போன் நிறுத்தி இருக்கவேண்டும். கையில் எடுத்தால் வேலை போய்விடும்.

4

எட்டு மணித்தியாலம் கழித்துத் திறந்தபோது போன் கையில் துடித்துக்கொண்டே இருந்தது. யார் யாரோ பகிர்ந்திருந்தார்கள். எனக்குத் தெரியாத ஆட்கள். வாழ்த்துகளும் இருந்தன, கொஞ்சம். மற்றதெல்லாம் வேறு. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர் இதையா செய்வது என்று சிலர். இந்தப் பக்கத்து ஆளோடு அந்தப் பக்கத்து ஆளுக்கு என்ன கூட்டு என்று இரண்டு பக்கத்திலிருந்தும் சிலர். அவுஸ்திரேலியாவிலிருந்து யார் இவர்களை ஆட்டுவிக்கிறார்கள் என்று ஒருவர். அந்த ‘யார்’ நான்தான்.

அதற்குக் கீழே, முகப்புப் படமில்லாத ஒரு கணக்கிலிருந்து ஒரு படம் மட்டும் போட்டிருந்தார்கள். ஒரு ஒழுங்கை, நீல நிற இரும்பு கேட், மதிலுக்கு மேலே தேசிக்காய் மரம். ‘இந்த வீடுதானே?’ என்று இரண்டு சொல்.

அந்த கேட்டை எனக்குத் தெரியும். வீடியோ அழைப்பில் இல்யாஸின் மகள் சைக்கிள் ஓடுவது அதற்கு முன்னால்தான்.

தினேஷ் பதினேழு தரம் அழைத்திருந்தான். எடுத்தவுடன் கத்தினான்.

“டேய், முதல்ல அத எடு! என்ன வேல செஞ்சிருக்காய் நீ?”

“எடுக்கிறன், எடுக்கிறன். இல்யாஸ் எங்க?”

“ஹோல்காரர் சாவி தர ஏலாது எண்டிட்டார். எனக்கும் ரெண்டு கோல் வந்திட்டு. எங்கட ஆக்கள்தான். ஆரோட சேந்து திரியிறாய் எண்டு கேக்கிறாங்க. இல்யாஸ் போனுக்குப் பதில் சொல்றான் இல்ல.”

பதிவை அழித்தேன். அழிப்பதற்கு ஒரு நொடிதான் எடுத்தது. ஆனால் அதைப் படமெடுத்து வைத்திருந்தவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தேடி, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். ஒருவர் சிரிக்கும் முகம் அனுப்பினார்.

குழுவில் இல்யாஸிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்திருந்தது. “பாத்தன்.”

அதற்குப் பிறகு அவன் போன் நின்றுபோனது.

5

இங்கே ஜூலை மாதம் குளிர். விடிந்த பிறகும் கண்ணாடியில் பனிப்புகார் படிந்திருக்கும். ஊரில் அப்போது மேற்கிலிருந்து வெக்கையான கச்சான் காற்று வீசும், கேட்டெல்லாம் தானாக ஆடும். அந்தக் காற்றில் நீல கேட் ஆடும் சத்தத்தை நான் இங்கே சமையலறையில் நின்று கேட்டேன். இங்கேக்கும் ஊருக்கும் நாலரை மணித்தியாலம் வித்தியாசம். எப்போது போனைப் பார்த்தாலும் அங்கே ஏதோ நடந்து முடிந்திருக்கும், அல்லது நடக்கப்போகும். அந்தக் கணக்கே ஒரு நோய் போலப் பிடித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் பஸ்மினா கேட்டாள். “அவன் போடாதண்டு சொன்னானா, சொல்லல்லையா?”

“சொன்னான்.”

அவள் கரண்டியை வைத்தாள். “அங்க இரிக்கிறவன் வாயத் தொறக்கவே யோசிக்கிறான். நீங்க இஞ்ச இருந்து கைதட்டுறீங்க. கைதட்டினவனுக்கு என்ன வரப்போகுது?”

எங்கள் மகள் இனாயாவுக்குப் பதினைந்து வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சின்ன வயதில் என் மடியில் இருந்து ‘அழுற நாய்’ கேட்டவள்தான். இப்போது காதுக்குள் என்ன போகிறதென்று எனக்குத் தெரியாது. கேட்டால் “சும்மா மியூசிக்” என்பாள். அன்று காதிலிருந்ததைக் கழற்றிவைத்துவிட்டு, கஷ்டப்பட்டுச் சேர்த்த தமிழில் கேட்டாள்.

“வாப்பா, இல்யாஸ் அங்கிள் நோ சொன்னார்தானே?”

“ஓம் மகள்.”

“நோ எண்டா நோ தானே? நீங்க என்ட போட்டோவும் கேக்காமத்தான் போடுற. நான் எத்தின தரம் சொன்ன.”

அவள் சொன்னது உண்மை. அவளுடைய பரிசளிப்பு, அவளுடைய பிறந்தநாள், பல்லுக்குக் கம்பி கட்டிய முகம், எல்லாம் போட்டிருக்கிறேன். ஊரில் இருப்பவர்கள் பார்க்கட்டும் என்று. அவள் என்னிடமிருந்து விலகிப்போகிறாள், மொழி போகிறது, நாடு இழுக்கிறது என்று நண்பர்களிடம் புலம்பியிருக்கிறேன். அவள் எதற்கு விலகினாள் என்று அன்றுதான் கொஞ்சம் தெரிந்தது.

புதன்கிழமை காலை, வேலைக்கு ஏறுவதற்குப் பத்து நிமிடம் இருக்க, தினேஷின் குரல் வந்தது. ஊரில் அப்போது இரவு மூன்று மணி. அவன் மெதுவாகக் கதைத்தான். அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

“மச்சான், நேத்துப் பின்னேரம் ரெண்டு பேர் மோட்டர் சைக்கிள்ள இல்யாஸ்ர வீட்டடிக்கு வந்தாங்களாம். ஹெல்மெட் கழட்டல்ல. அவன் இரிக்கானா எண்டு பொஞ்சாதிக்கிட்ட கேட்டாங்களாம். இல்லயெண்டு சொல்ல, அந்த நீல கேட்ட போட்டோ எடுத்திட்டுப் போனாங்களாம். பக்கத்து வீட்டாக்கள்தான் சொன்ன. நான் ராவு போய்ப் பாத்தன். வீடு பூட்டிக் கிடக்கு. ஒருத்தருமில்ல. எங்க போன எண்டு ஆருக்கும் தெரியா.”

போனை நிறுத்திப் பையில் போட்டு, ட்ராமில் ஏறினேன். விடுப்புச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? வீட்டு கேட்டை யாரோ படமெடுத்தார்கள் என்றா?

மூன்று மணித்தியாலம் ஓட்டினேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் பையிலிருந்த போனையே நினைத்தேன். ஓடும்போது கொஞ்சம் பரவாயில்லை. பத்தேமுக்காலுக்கு ஒரு சந்தியில் ஒரு மோட்டர் சைக்கிள் என் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு பேர். இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். பின்னால் இருந்தவன் போனை உயர்த்தி எதையோ பார்த்தான். முகவரி தேடினான் போல. எனக்கு அது தெரியும். ஆனாலும் விளக்கு பச்சையாகி அவர்கள் புறப்பட்டபோது என் கண் அவர்களோடேயே போனது. அவர்கள் எந்த ஒழுங்கையில் திரும்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன். மணி அடித்தது. தரிப்பு பின்னால் போய்விட்டது.

6

வியாழக்கிழமை பின்னேரம் தெரியாத ஒரு இலங்கை இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன்.

“நான்தான்.”

இல்யாஸ். பின்னால் எங்கோ ட்ரக்டர் ஒன்று ஓடும் சத்தம். மனைவியின் பெரியப்பா வீடு வரிப்பத்தான்சேனையில் வயலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே வந்துவிட்டோம் என்றான். அவனுடைய போனை நிறுத்திவைத்துவிட்டானாம். இது பெரியப்பாவின் போன்.

“ஒண்ணும் நடக்கல்லையே மச்சான்? ஆருக்கும் ஒண்ணும் இல்லையே?”

“அடிக்கல்ல. ஒடைக்கல்ல. ஒண்ணும் நடக்கல்ல.” என்றான். “அதுதான் பயமா இரிக்கி. அடிச்சிட்டுப் போயிருந்தா முடிஞ்சிது எண்டு இரிக்கலாம்.”

“ஆர் அவங்க?”

“தெரியா. பள்ளிவாசல் தலைவர் தங்களுக்கு ஒண்ணும் தெரியா எண்டு சத்தியம் பண்றார். அவர்தான் எங்கள வேன்ல ஏத்தி அனுப்பின. தினேஷ்ர பக்கமும் தெரியா எண்டுதான் சொல்றாங்க. ஆரெண்டு தெரிஞ்சா போய்க் கதைக்கலாம். ஆரெண்டு தெரியாட்டி எல்லாரையும் பாத்துத்தான் பயப்படணும். பாண் வாங்கப் போனா, பக்கத்தில நிக்கிறவன் அவனா இரிக்குமோ எண்டு பாக்கிறன்.”

பாடசாலைக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது என்றான். விளக்கம் கேட்டு. ‘வெளிநாட்டுத் தொடர்புடன் நடத்தப்படும் நிகழ்ச்சி’ என்று அதில் எழுதியிருந்ததாம். வெளிநாட்டிலிருந்து யார் உதவுகிறார்கள், எதற்கு உதவுகிறார்கள் என்று வரிசையாகக் கேள்விகள். நான் இங்கே ‘காரணம்’ என்ற பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அதே கிழமை, அவன் அங்கே அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு இரண்டு நாள் ஓய்வு தந்தார்கள். அவனுக்குப் பதினைந்து வருடத் தொழிலே கேள்வியாகி நின்றது.

“என்னெண்டு எழுதின?”

“கூட்டாளி ஒருத்தன் சந்தோசத்தில போட்டான் எண்டு எழுதின.”

அதைக் கேட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்ன மன்னிச்சிரு மச்சான்.”

ட்ரக்டர் சத்தம் தூரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

“எனக்குச் செஞ்சத மன்னிச்சிட்டன். அது லேசு. என்ட மகள் இப்ப மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டா கட்டிலுக்குக் கீழ போறா. ஏழு வயசு. வா எண்டா வாறா இல்ல. நான் கீழ படுத்து அவளோட கதைக்கிறன். அத நான் எப்பிடி மன்னிக்கிற? அது அவட விசயம்.”

நான் அழுதேன். அவன் வைக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், “இது பெரியப்பாட போன், சார்ஜ் முடியப்போகுது,” என்றான்.

சனிக்கிழமை நாலு மணி வந்தது. இங்கே எட்டரை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு நிகழ்ச்சிக்கு நுழைவுச் சீட்டு இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வாங்கியது. இல்யாஸுக்காகக் குறித்துவைக்க வேண்டிய குழு. போகவில்லை. சீட்டை டிப்போ நண்பரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். இனாயா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அரை மணித்தியாலம் கழித்துத் தன் காதிலிருந்த இரண்டில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். யார் பாடினது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

7

இரண்டு கிழமைக்குப் பிறகு இல்யாஸ் குடும்பத்தோடு மருதமுனைக்குத் திரும்பினான். கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தான். விளக்கக் கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. வராமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு பேரும் திரும்ப வரவில்லை. மகள் கட்டிலுக்குக் கீழே போவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

எங்கள் குழுவில் அவன் இன்னும் இருக்கிறான். விலகவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவனிடமிருந்து ஒன்றும் வருவதில்லை. தினேஷும் நானும் ஆளுக்கொன்று போடுவோம். இரண்டு நீலக் குறி விழும். கேட்கிறானா, பார்த்துவிட்டு விடுகிறானா, தெரியாது.

போன கிழமை அவனே அழைத்தான். அவனுடைய சொந்த இலக்கத்திலிருந்து.

“நாங்க வாசிச்சம்,” என்றான்.

“என்ன?”

“ஆறு பாட்டும் வாசிச்சம். கதவச் சாத்திட்டு. தினேஷ் ட்ரம்ஸ்க்கு மேல சாரத்தப் போட்டு மூடித்தான் அடிச்சான். பதினோரு பேர் வந்த. அதில நாலு பேர் நம்மட கொம்பியூட்டர் வகுப்பில இருந்த ஆக்கள்.”

எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“மொதல்ல பிழையாத்தான் வாசிச்சன். ரெண்டாவது பாட்டுக்குப் பிறகு சரியாயிட்டு. மறுகா வெளியில ஆரோ கதைக்கிற சத்தம் கேட்டிச்சி. எல்லாரும் அப்பிடியே நிண்ட. ஆரோ ஆட்டுக்குட்டியத் தேடி வந்தவன். அவன் போன பிறகு மூணாவது பாட்டத் தொடங்கின.” சின்னதாகச் சிரித்தான். பல நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. “நல்லாத்தான் இருந்த.”

“ரெக்கோட் பண்ணினியா?”

“பண்ணின.”

நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அவனுக்கு அது தெரிந்துவிட்டது.

“ஒனக்கு அனுப்ப மாட்டன் மச்சான்,” என்றான். “கோவமில்ல. அல்லாட காவல் கோவமே இல்ல. பயம்.”

“அனுப்பாத,” என்றேன்.

“ஓம்.”

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் சோதனைத் தாள் திருத்துவதைப் பற்றியும் கதைத்தோம்.

இதை எழுதி முடித்ததும் முதலில் அவனுக்குத்தான் அனுப்பினேன். பிரசுரிக்கலாமா என்று கேட்டேன். நான்கு நாள் பதில் இல்லை. அந்த நான்கு நாளும் நான் யாருக்கும் காட்டவில்லை, பஸ்மினாவுக்கும்கூட. ஐந்தாம் நாள் குரல் வந்தது. பெயர்களை மாற்று, தொழிலை மாற்று, கேட்டின் நிறத்தை மாற்று என்றான். எங்கே வாசித்தோம் என்று நீ எழுதியிருக்கிற பந்தியை முழுவதுமாக எடு என்றான். எல்லாவற்றையும் மாற்றினேன். அந்தப் பந்தியை எடுத்தேன். திரும்ப அனுப்பி, இப்போது சரியா என்று கேட்டேன்.

இன்னும் இரண்டு நாள் எடுத்தான். நானும் இருந்தேன். இன்று காலை வேலைக்குப் புறப்படும் நேரம், “ஓம், போடு,” என்று வந்தது.

ஒருதரம் அழைத்து, அவன் வாயால் சொல்லக் கேட்டுவிட்டுத்தான் இதை அனுப்புகிறேன்.